நாவலரவர்கள் வீட்டில் நடத்திய பள்ளி

பள்ளிக்கூடம் என்னும் சொல்லைக் கேட்டவுடனே கட்டடமும் வாங்கும் மணியும் நம் மனத்திலே தோன்றுகின்றன. கற்பிக்க விரும்பும் ஒருவரும் கற்க விரும்பும் சிலரும் நாள்தோறும் தவறாது கூடுகின்ற வேளையே பள்ளிக்கூடத்தின் உயிர் என்பதனை நாம் மறந்துவிடுகின்றோம். அவ்வேளை அமையுமாயின் மற்றவை பின்னர் வந்து சேரும். அஃது அமையாதாயின் மற்றவை யாவும் இருந்தும் பயனில்லை. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாலே காட்டியவர்கள் யாழ்ப்பாணத்து நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள். அவர்கள் நிறுவிய வித்தியாசாலைகளையும் அச்சிட்ட நூல்களையும் அறியாத சைவாசிரியர் இலர். அவ்வித்தியாசாலைகளுக்கெல்லாம் முன்னர், வேறொரு பாடசாலையிலே பகற்பொழுது முழுவதும் உழைத்து வந்த காலத்தில், காலையிலும் இரவிலும் தம் வீட்டிலே சில பிள்ளைகளுக்குக் கூலியின்றிப் பாடஞ் சொன்ன ஆண்டுகளைக் குறித்துச் சிந்திப்போர் சிலரே. அவ்வாண்டுகளை நடுவாக வைத்து அவர்கள் சரித்திரத்தை இங்கே சுருக்கிக் கூறுவோம்.

இதனைத் திருக்கோணமலைத் துறைமுகத்தை அடுத்த பாலையூற்றிலிருந்து எழுதுகின்றோம். இங்கே பிற்பகல் ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டபின் பிள்ளைகள் இருகூறாகப் பிரிகின்றார்கள். பணமுடைய வீட்டுப் பிள்ளைகள் கட்டணங் கொடுத்துத் தனியார் வகுப்புக்களுக்குச் செல்கின்றார்கள். நாட்கூலியை நம்பி வாழும் வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பிற்பகல் வெறும்பொழுதாகவே கழிகின்றது. அன்றைய பாடத்தை மறுமுறை விளக்கிச் சொல்ல வீட்டிலே ஒருவரும் இல்லாமையால், அவர்கள் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகப் பின்தங்கி, முடிவிலே பாடசாலையை விட்டு நீங்குவாரும் உளர். இக்குறையைக் கண்டு மாலை வகுப்பொன்று தொடங்க வேண்டுமென்று நினையாத ஆசிரியர் இலர். ஆயினும், இடமில்லை, பொருளில்லை, துணையில்லை என்று நினைவளவிலே நின்றுவிடுகின்றோம். இத்தயக்கம் நாவலரவர்களுக்கும் வந்திருக்கலாம். அவர்கள் அதற்கு இடங்கொடுத்திலர்.

நாவலரவர்கள் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆந் தேதி நல்லூரிலே கந்தர் என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புத்திரராகப் பிறந்தார்கள். தந்தையார் தமிழில் நாடகங்கள் இயற்றிய புலவர். இவர்களுடைய ஒன்பதாம் வயதிலே அவர் ஒரு நாடகத்தை முடியாது விட்டுக் காலஞ்சென்றாராக, எஞ்சிய பகுதியைப் பிள்ளையாகிய இவர்களே பாடி முடித்தார்கள் என்பது வழிவழி வருஞ் செய்தி. இவர்கள் நல்லூர்ச் சுப்பிரமணிய உபாத்தியாயரிடம் எழுத்தும் நீதிநூல்களும் பயின்று, பின்பு சரவணமுத்துப் புலவரிடத்தும் அவருடைய ஆசிரியராகிய சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களை ஆழ்ந்து கற்றார்கள்.

1834ஆம் ஆண்டு, தமது பன்னிரண்டாம் வயதில், யாழ்ப்பாணத்திலே வெசிலியன் சங்கத்தார் நடத்திய ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தார்கள். பேர்சிவல் பாதிரியார் அதன் தலைவர். இவர்களுடைய அறிவின் கூர்மையைக் கண்ட அவர் 1841ஆம் ஆண்டளவில் அங்கேயே இவர்களை ஆசிரியராக நியமித்தார். கீழ்வகுப்புக்களுக்கு ஆங்கிலமும் மேல்வகுப்புக்களுக்குத் தமிழும் கற்பித்தல் இவர்கள் கடமை. இவற்றோடு, விவிலிய நூலைத் தமிழிலே பெயர்க்கும் பணியிற் பாதிரியாருக்குத் துணைசெய்யும் பொறுப்பும் இவர்களிடத்தே இருந்தது. சைவாசாரத்திற் சிறிதும் வழுவாது நின்றுகொண்டே இவ்வுத்தியோகத்தை இவர்கள் பார்த்து வந்தார்கள்.

இங்கே ஒன்றனை ஆசிரியர்கள் கவனித்தல் வேண்டும். நாவலரவர்கள் இருவகைப் பள்ளிகளையும் உள்ளிருந்து கண்டவர்கள். திண்ணைப் பள்ளியிலே ஒரே உபாத்தியாயர் எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் மணலிலும் ஏட்டிலும் எழுதுவித்து, நிகண்டும் நீதிநூலும் மனப்பாடஞ் செய்விப்பார். ஆழமான பயிற்சி அங்கே உண்டு. ஆனாற் பொருள் விளக்கம் பெரும்பாலும் பிற்காலத்துக்கே விடப்படும். பாதிரிமார் பள்ளியிலோ வகுப்புப் பிரிவும், நேர வரையறையும், அச்சிட்ட பாடப்புத்தகமும், வினாவிடை முறையும் இருந்தன. அங்கே நம் பிள்ளைகள் பெற்ற கல்வியோடு, தம் முன்னோர் சமயத்தை இகழும் மனமும் பலருக்கு உண்டாயிற்று. அம்முறையின் பயனையும் அதனால் விளைந்த கேட்டையும் நாவலரவர்கள் ஒருங்கே அறிந்தார்கள். பள்ளியை நிந்தித்துக்கொண்டு வாளாவிராமல், அதன் நன்முறைகளைத் தாம் கைக்கொண்டு நம் பிள்ளைகளுக்கு வேறு வழி வகுக்கத் துணிந்தார்கள்.

அத்துணிவின் முதற்செயலே வீட்டுப் பள்ளி. 1846ஆம் ஆண்டளவிலே நல்லூரில் உள்ள தமது இல்லத்திற் சில மாணாக்கரைச் சேர்த்து, சம்பளம் வாங்காது, காலையிலும் இரவிலும் தமிழ்நூல்களும் சைவநூல்களும் கற்பிக்கத் தொடங்கினார்கள். பகல் முழுவதும் வெசிலியன் பாடசாலை வேலை. அதன் முன்னும் பின்னும் வீட்டிலே பாடம். அப்பொழுது இவர்களுக்கு வயது இருபத்துநான்கு. தமக்குக் கிடைத்த ஓய்வுப்பொழுதைத் தாமே பிறருக்குக் கொடுத்தார்கள் என்பதன்றி, இதிலே வேறொரு முதலும் இட்டிலர். கட்டடம் வேண்டியதாயிருக்கவில்லை, வீடு இருந்தது. கட்டணம் வேண்டியதாயிருக்கவில்லை, ஊதியம் பகல்வேலையால் வந்தது. அறியாத தொழிலுமன்று, பகலிலே செய்யும் தொழிலையே காலையிலும் இரவிலும் செய்தார்கள்.

இந்த வீட்டுப் பள்ளியின் நோக்கம் இரண்டு. ஒன்று, அப்பிள்ளைகள் கல்வியறிவும் சமயவறிவும் பெறுதல். மற்றொன்று அதனினும் நுட்பமானது. சைவப் பிள்ளைகளுக்கெனப் பாடசாலைகள் அமைத்தல் வேண்டுமாயின், அவற்றிலே கற்பிக்கத் தக்க ஆசிரியர் முதலில் வேண்டும். அத்தகைய ஆசிரியர்கள் ஆயத்தமாய் எங்குங் கிடைப்பவரல்லர். அவர்களையும் உண்டாக்கியே கொள்ளல் வேண்டும். ஆதலால் நாவலரவர்கள் தொகைக்கு ஆசைப்படாது சிலரையே சேர்த்து, அவர்களை நாளைய ஆசிரியர்களாக எண்ணிக் கற்பித்தார்கள். நல்லூர்ச் சதாசிவப்பிள்ளை போன்ற மாணாக்கர் இவ்வாறு உருவாகிப் பிற்காலத்தில் வித்தியாசாலைப் பணியிலும் அச்சுப் பணியிலும் நாவலரவர்களுக்கு வலக்கையாய் விளங்கினர். மாலை வகுப்புத் தொடங்குவோர் எத்தனை பிள்ளைகள் வருவார்கள் என்றே முதலிற் கேட்கின்றோம். வருபவருள் எவர் சில ஆண்டுகளில் நம்மருகே இருந்து கற்பிப்பார் என்னும் கேள்வியே நாவலரவர்கள் நமக்குக் கற்பிக்கும் கேள்வி.

வீட்டுப் பாடத்தோடு பெரியோருக்கான பாடமும் தொடங்கிற்று. 1847ஆம் ஆண்டு மார்கழி மாதம் 31ஆந் தேதி வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலிலே நாவலரவர்கள் முதற் பிரசங்கஞ் செய்தார்கள். அதன்பின் வெள்ளிக்கிழமை தோறும் பிரசங்கம் நிகழ்ந்தது. கடவுள் வழிபாடு, சீவகாருணியம், கொலைமறுத்தல், கள்ளுண்ணாமை முதலிய பொருள்களைச் சாதாரண சனங்களும் விளங்கிக்கொள்ளும்படி பேசினார்கள். இதனையும் நாம் பள்ளிப்பணியின் ஒரு பகுதி என்றே கொள்வோம். பிள்ளை இரவிலே கற்றதனைத் தாய்தந்தையர் வெள்ளிதோறும் கோயிலிலே கேட்டால், வீட்டில் ஒரே பேச்சு நிலவும். பிள்ளையை மட்டும் திருத்தி வீட்டை மறந்துவிட்டால், மாலையிலே கட்டியதைக் காலையிலே இடித்ததாகும்.

இவ்வாறு ஏறக்குறைய இரண்டாண்டுகள் சென்றன. 1848ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் தமது உத்தியோகத்தை விட்டு நீங்கத் துணிந்தார்கள். பேர்சிவல் பாதிரியார் இவர்களிடத்து உண்மையான மதிப்பு உடையவர். போகவேண்டாமென்று தடுத்தும் இவர்கள் இசைந்திலர். அவ்வாண்டிலேயே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கிற்று. வீட்டிலே பயின்ற மாணாக்கர் அங்கே ஆசிரியராயினர். வெளியே நின்று பார்ப்பார்க்கு அன்று ஒரு புதிய பாடசாலை பிறந்தது. உள்ளே அறிவார்க்கோ இரண்டாண்டு வளர்ந்த பள்ளி வீட்டைவிட்டு வெளியே வந்தது. ஆசிரியரும் மாணாக்கரும் முறையும் முன்னரே அமைந்திருந்தமையாற்றான், நிலையான வருவாய் யாதுமின்றித் தொடங்கிய அவ்வித்தியாசாலை நின்று நிலைத்தது.

நாவலரவர்கள் இல்வாழ்க்கையை விரும்பாது பிரமசாரியாகவே வாழ்ந்தார்கள். உத்தியோகமும் இல்லை, அரசினர் பொருளுதவியும் தொடக்கத்தில் இல்லை. ஊரவர் கொடுத்த சிறு உதவிகளாலும், ஆசிரியராய் அமைந்த மாணாக்கரின் தியாகத்தாலுமே வித்தியாசாலை நடந்தது. பெருஞ்செல்வர் ஒருவரை நம்பிய தருமம் அவர் மனம் மாறினால் நின்றுவிடும். பலர் சிறிது சிறிதாகத் தாங்கும் தருமம் எளிதில் விழாது.

வித்தியாசாலை தொடங்கியவுடன் அடுத்த குறை தோன்றிற்று. பிள்ளைகள் கையிற் கொடுக்கப் புத்தகம் இல்லை. 1849ஆம் ஆண்டிலே நாவலரவர்கள் அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சதாசிவப்பிள்ளையோடு தமிழகஞ் சென்றார்கள். அப்பயணத்திலேதான் திருவாவடுதுறை ஆதீனத்தார் இவர்களுடைய பிரசங்கத் திறமையை வியந்து நாவலர் என்னும் பட்டத்தை அளித்தார்கள். திரும்பி வந்தபின் வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை என்னும் அச்சகத்தை அமைத்தார்கள். அங்கிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. எழுத்தும் சிறு சொற்களும் சிறு வாக்கியங்களுமாகத் தொடங்கி, படிப்படியாக உயர்ந்து, நான்காம் பாலபாடத்திலே கடவுள், ஆன்மா, கொலை, களவு முதலிய பொருள்கள் பற்றிய நீண்ட வசனங்களாக அவை விரிந்தன. சைவ வினாவிடைகள், இலக்கணச் சுருக்கம், பெரியபுராண வசனம் முதலியன இவற்றோடு சேர்ந்தன. பெரியபுராண வசனம் 1852ஆம் ஆண்டு வெளிவந்தது.

இந்நூல்களின் உருவத்தை ஆசிரியர்கள் உற்று நோக்குவார்களாக. அக்காலத்து ஏடுகளிலே சொற்கள் தொடர்ந்தே எழுதப்பட்டிருக்கும். எங்கே நிறுத்துவது, எங்கே பிரிப்பது என்பதனை ஆசிரியரே சொல்லிக்கொடுத்தல் வேண்டும். நாவலரவர்கள் வேண்டுமிடங்களிற் சந்தியைப் பிரித்து, காற்புள்ளி முதலிய குறிகளை இட்டு அச்சிட்டார்கள். கற்கத் தொடங்கும் பிள்ளை ஆசிரியர் அருகில் இல்லாத வேளையிலும் தானே படித்துப் பொருள்கொள்ள அஃது உதவிற்று. வினாவிடை முறையைப் பாதிரிமார் பள்ளியிலே கண்டு, அதனைச் சைவநூலுக்கு ஆக்கிக்கொண்டார்கள். பிறரிடத்து நல்ல முறை கண்டவிடத்து அதனை ஏற்க இவர்கள் நாணியதில்லை.

பின்னர்த் தமிழகத்திலே பல்லாண்டு தங்கி நூற்பதிப்பும் பிரசங்கமும் செய்து வந்தார்கள். 1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள். தாம் அருகில் இல்லாத காலத்தும் வண்ணார்பண்ணை வித்தியாசாலை தளராது நடந்தமைக்கு, முன்னரே உருவாக்கி வைத்த மாணாக்கரே காரணர்.

எடுத்த கருமம் யாவும் இவர்களுக்குக் கைகூடிற்று என்று நாம் கூறவில்லை. ஆங்கிலங் கற்க விரும்பிய சைவப் பிள்ளைகள் பாதிரிமார் பாடசாலைகளையே நாடவேண்டியிருந்தமையால், 1872ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார்கள். பொருள் முட்டுப்பாட்டினால் அது சில ஆண்டுகளுள் நின்றுவிட்டது. ஆயினும் அக்கருத்து அழிந்திலது. இவர்கள் மறைந்தபின் 1888ஆம் ஆண்டு தோன்றிய யாழ்ப்பாணச் சைவபரிபாலன சபையார் அதனைக் கையேற்று வளர்த்தனர். 1890ஆம் ஆண்டு யாழ்ப்பாணம் இந்துக்கல்லூரி உருவாயிற்று. ஒரு வகுப்பு நின்றுபோதல் அதனை நடத்தியவருக்கு இழிவன்று. அதன் தேவையை ஊரவர் மனத்திலே பதித்துவிட்டால், நின்ற இடத்திலிருந்து வேறொருவர் தொடங்குவார்.

1876, 1877ஆம் ஆண்டுகளிலே யாழ்ப்பாணத்திற் பஞ்சமும் நோயும் பரவியபொழுது நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தி ஏழைகளின் பசி தீர்த்தார்கள். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதனை மாலை வகுப்பு நடத்தும் எவரும் முதல் வாரத்திலேயே அறிவர். 1879ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்து மகநட்சத்திரத்திலே, ஆங்கிலக் கணக்கின்படி மார்கழி 5ஆந் தேதி, நாவலரவர்கள் சிவபதம் அடைந்தார்கள். அப்பொழுது வயது ஐம்பத்தாறு.

இனி, மறையாது சொல்ல வேண்டிய ஒன்று உளது. நாவலரவர்கள் சாதியாசாரத்தை விடாது பேணியவர்கள். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கு அவர்களுடைய வித்தியாசாலையிலே இடமிருக்கவில்லை. காலத்தின் இயல்பு என்று இதனைச் சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. ஆனால் அக்காலத்திலும் வாயிலுக்கு வெளியே நின்ற பிள்ளைகள் பிள்ளைகளே. அவர்கள் இழந்த கல்வி இழந்த கல்வியே. பெரியாரிடத்து வைத்த பக்தி அவர்கள் விட்ட குறையைக் காணாதபடி நம் கண்ணை மறைத்தல் ஆகாது. அக்குறையை நிரப்புதலே உண்மையான வழிபாடு.

அதனைச் செய்துகாட்டியவர் ஒருவர் நம் திருக்கோணமலையோடு தொடர்புடையவர் என்பது நாம் மகிழத்தக்கது. 1925ஆம் ஆண்டு இராமகிருஷ்ண சங்கத்தின் பொறுப்பில் வந்த திருக்கோணமலை இந்துக்கல்லூரியைத் தலைமையாசிரியராயிருந்து வளர்த்த சுவாமி விபுலாநந்தரே அவர். அவர் 1931ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேராசிரியராயினார். பகலிலே பல்கலைக்கழக மாணவருக்கு இலக்கியம் கற்பித்த அவர், வேலை முடிந்தபின் அருகிலுள்ள திருவேட்களத்துச் சேரிக்கு நடந்து சென்று, அங்குள்ள பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். நாவலரவர்கள் வீட்டிலே செய்த அதே பணி. பகல் ஊதியத்துக்கு, மாலை பிள்ளைகளுக்கு. வேறுபாடு ஒன்றே. அங்கே பிள்ளைகள் ஆசிரியர் வீட்டை நாடி வந்தனர். இங்கே ஆசிரியர் பிள்ளைகளின் வீட்டை நாடிச் சென்றார். வீட்டிலே ஏற்றிய விளக்கு சேரிவரை சென்றபொழுதே அதன் ஒளி நிறைவெய்திற்று.

சைவாசிரியர்களே, உதவிபெற்று நடந்த பாடசாலைகளுட் பெரும்பாலானவற்றை 1960, 1961ஆம் ஆண்டுகளில் அரசினர் கையேற்றனர். அதன்பின் நம் சங்கங்களும் சபைகளும் முன்போலப் பாடசாலைகளை நடத்துவதில்லை. பாடத்திட்டமும் நேரமும் நியமனமும் நம் கையில் இல்லை. பாடசாலை விட்டபின் வரும் பொழுது ஒன்றே முழுவதும் நம்முடையது. நாவலரவர்களுக்கும் தொடக்கத்தில் இருந்தது அவ்வளவே. பகற்பொழுது பாதிரியாருடையது; காலையும் இரவுமே அவர்களுடையவை. அவ்விரு வேளைகளிலிருந்தே நாம் இன்று போற்றும் யாவும் முளைத்தன.

ஆதலால், பாலையூற்றிலாயினும் வேறெவ்வூரிலாயினும் மாலை வகுப்புத் தொடங்க விரும்புவோர் கட்டடத்துக்குக் காத்திராதிருப்பார்களாக. கோயில் மண்டபமோ, வீட்டு விறாந்தையோ, மரநிழலோ போதும். பத்துப் பிள்ளைகளோடு தொடங்குக. அவருள் எழுதப் படிக்க இடர்ப்படுவோரை முதலிற் கவனிக்க. வல்லவரைத் துணையாகக் கொண்டு அவர்களையே கற்பிக்கப் பழக்குக. வாரத்திலே இரண்டு நாளே இயலுமாயின் அவ்விரண்டு நாளும் தவறாது நடத்துக. ஏழு நாளென்று அறிவித்து மூன்றாம் வாரத்தில் நிறுத்துதல் பிள்ளைகளின் நம்பிக்கையைக் கெடுக்கும். மாதம் ஒருமுறை பெற்றோரை அழைத்துப் பேசுக. இருட்டுமுன் பெண்பிள்ளைகள் வீடு சேரும்படி நேரம் வகுக்க. பசியோடு வரும் பிள்ளைக்கு ஒரு கோப்பை கஞ்சியோ அவித்த கடலையோ கொடுக்க ஊரவர் உதவியை நாடுக. கட்டணம் கேளாதொழிக. எல்லாவற்றுக்கும் மேலாக, எக்குலத்துப் பிள்ளையும் எவ்வீட்டுப் பிள்ளையும் கூசாது வந்து ஒரே பாயில் இருக்கும்படி வாயிலைத் திறந்து வைக்க.

ஆண்டுதோறும் கார்த்திகை மகத்திலே நாவலரவர்களுடைய குருபூசையைக் கொண்டாடுகின்றோம். படத்துக்கு மாலை சூட்டிப் பேசிக் கலைகின்றோம். இவ்வாண்டு அந்நாளிலே ஒவ்வோர் ஆசிரியரும் தம் அயலிலுள்ள பிள்ளைகளுள் ஒருவரையேனும் அழைத்து மாலையிலே ஒரு மணிநேரம் அருகிருத்திப் பாடஞ் சொல்லத் தொடங்குவாராயின், அதுவே அவர்களுக்குச் செய்யும் சிறந்த பூசையாகும். இவ்விருப்பம் நிறைவேறக் கோணமாமலையில் எழுந்தருளியிருக்கும் பெருமான் திருவருள் துணைசெய்வதாக.